உயர்த்தாமல் விட்ட கை

சென்ற மாதம் சுகன்யா ரெலிபோன் எடுத்தாள். மொன்ட்ரியாலில் பதினேழு பேர் கொண்ட ஒரு ஜாஸ் குழுவில் அவள் பாரிட்டோன் சாக்ஸபோன் வாசிக்கிறாள். ஓய்வு பெறும்வரை அந்தக் குழுவுக்கு இசைத்தாள் எழுதிக்கொண்டிருந்தவள் நான். இப்போது குழு தாளை விட்டுக் கணினித் திரைக்கு மாறுகிறது. பழைய தாள்களைப் படம் பிடித்து ஏற்றுகிற வேலை அவளுடைய தலையில் விழுந்திருக்கிறது.

"அன்ரி, அடெலின்ர 'உறைந்த ஆறு' இப்ப என்ர கையில கிடக்கு. பாரிட்டோன் தாளில கடைசிச் சுரத்தடியில ஒரே அலங்கோலம். மையால ஒண்டு, பென்சிலால வேற ஒண்டு, அதுக்குக் குறுக்கால ஒரு கோடு. துப்பரவா ஒண்டை மட்டும் போடட்டா?"

"வேண்டாம். கிடக்கிற மாதிரியே ஏத்து."

"புதுசா வாற ஆக்கள் என்ன இது எண்டு கேப்பினம்."

"கேட்டா நீ சொல்லன். நீயும்தானே அங்க இருந்தனீ."

"எனக்குத் தெரிஞ்சது கடைசிப் பாதிதான் அன்ரி. முன்பாதியை நீங்கள் எழுதித் தாங்கோ. தாளோட சேத்து வைக்கிறன்."

ஆகவே எழுதுகிறேன். தாள் போகிறதே என்று ஒப்பாரி வைக்க வரவில்லை. பதினேழு கோப்புகளையும் தள்ளுவண்டியில் வைத்துப் பனிக்குள் இழுத்து இழுத்து இடது தோள் போனவள் நான். திரை இன்னும் பத்து வருடம் முந்தி வந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன்.

என் வேலை என்னவென்று முதலில் சொல்ல வேண்டும். எங்கள் ஆட்களிடம் இசைத்தாள் எழுதுகிறேன் என்றால் "பாட்டு எழுதுறனீங்களோ?" என்று மரியாதையாகக் கேட்பார்கள். இல்லை, பாட்டு எழுதுவது வேறு ஆள், நான் பார்த்து எழுதுகிறவள் என்றதும் அந்த மரியாதை கொஞ்சம் இறங்கிவிடும். பிரெஞ்சில் கொப்பிஸ்ட் என்பார்கள். இசையமைப்பவர் எல்லா வாத்தியங்களின் வரிகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பெரிய தாளில் எழுதித் தருவார். அதுதான் ஸ்கோர். அதை முன்னால் வைத்து யாரும் வாசிக்க முடியாது. நாலு மூச்சுக்கு ஒருமுறை பக்கம் புரட்ட வேண்டியிருக்கும். அதிலிருந்து ட்ரம்பெட்காரருக்கு ட்ரம்பெட்டின் வரி, பாஸ்காரருக்கு பாஸின் வரி என்று பிரித்துப் பதினேழு பேருக்கும் எழுதிக் கொடுப்பதுதான் என் வேலை.

அதற்கு விதிகள் உண்டு. பக்கம் புரளும் இடத்தில் வாசிப்பவருக்கு ஓய்வு இருக்க வேண்டும். அந்த ஓய்வு இல்லாவிட்டால் எழுத்தை நெருக்கியோ விரித்தோ அதை அந்த இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஒரு வரிக்கு நான்கு தாளக் கட்டம். மை விளக்கொளியில் பளபளக்கக் கூடாது. வாசிப்பவர் பென்சிலால் எழுதியதை ஒருநாளும் அழிக்கக் கூடாது. மூச்சு எடுக்க வேண்டிய இடம், அவசரப்படக் கூடாத இடம், ட்ரம்ஸைப் பார்க்க வேண்டிய இடம் எல்லாம் பென்சிலில்தான் இருக்கும். ஒரு ட்ரொம்போன்காரர் தன் தாளின் ஓரத்தில் வெங்காயம், பால், பூனைக்குச் சாப்பாடு என்று எழுதிவைத்திருந்தார். அது இன்றைக்கும் அங்கேதான் கிடக்கிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. சாக்ஸபோனும் ட்ரம்பெட்டும் தாளில் உள்ள சுரத்தை அதே உயரத்தில் ஒலிப்பதில்லை. ஆகவே ஸ்கோரில் உள்ள ஒவ்வொரு சுரத்தையும் மனதுக்குள் கணக்குப் பார்த்து நகர்த்தி எழுத வேண்டும். இன்றைக்குக் கணினி அதைக் கண்மூடித் திறப்பதற்குள் செய்துவிடும். அன்றைக்கு அந்தக் கணினி நான்தான்.

நான் பழகிய கதை சிறியது. யாழ்ப்பாணத்தில் கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் பாடகர் குழுவுக்கு எப்போதும் இசைத்தாள் தட்டுப்பாடு. எழுத்து வடிவான பிள்ளை என்று என்னைப் பிடித்துப் பிரதி எழுத வைத்தார்கள். பிறகு யுத்தம், கொழும்பு, அகதி விண்ணப்பம், மொன்ட்ரியால்-நோரில் மூன்றாம் மாடி வீடு, டோர்வலில் விமானங்களுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கும் வேலை. இங்கே பங்குக் கோயிலிலும் பாடகர் குழுவுக்குத் தாள் எழுதிக் கொடுத்தேன். அங்கே ஓர்கன் வாசித்தவர் ஒரு ஜாஸ் குழுவில் ட்ரொம்போன்காரர். அவர் என் தாள் ஒன்றைக் கொண்டுபோய் அந்தக் குழுவின் தலைவர் ரேமியிடம் காட்டினார். மறுகிழமை என்னைக் கூப்பிட்டார்கள்.

ஜாஸ் என்றால் என்னவென்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. ஐந்து சாக்ஸபோன், நான்கு ட்ரம்பெட், நான்கு ட்ரொம்போன், அதோடு பியானோ, கித்தார், பாஸ், ட்ரம்ஸ். பெரிய நடன மண்டபங்கள் இருந்த காலத்தில் ஆட்களை ஆட வைக்க உருவான அமைப்பு இது. மண்டபங்கள் போய்விட்டன. கதிரைகளின் எண்ணிக்கை மட்டும் மாறவில்லை. ரேமியின் குழு, அதே பதினேழு கதிரைகளை வைத்துக்கொண்டு, இன்றைய ஆட்கள் புதிதாக எழுதியதை வாசிக்கிற குழு.

ரேமிக்கு அப்போது ஐம்பத்தைந்து வயது இருக்கும். பள்ளி அதிபர் போன்ற தோற்றம்; வருடம் முழுவதும் ஒரே கபில நிறக் கம்பளிச் சட்டை. ஒரு தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் செவ்வாய்க்கிழமை தோறும் காலை பத்து மணிக்கு ஒத்திகை. பத்தடிக்க ஒரு நிமிடம் இருக்கும்போது கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பியானோவின்மேல் வைப்பார். ஒத்திகை முடிந்தபிறகுதான் அது திரும்பக் கைக்கு ஏறும். என் தாளை வாங்கிக் கையை நீட்டித் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு நேரே பக்கம் புரளும் மூலையைப் பார்த்தார். "செவ்வாய்க்கிழமை" என்றார். வேறு பேச்சு இல்லை. அந்தக் குழுவில் ஒருவரைச் சேர்த்துக்கொண்டதற்கு அடையாளம் அந்த ஒரு சொல்தான் என்று பேந்துதான் தெரிந்தது.

அவர் என்னோடு பிரெஞ்சில்தான் கதைப்பார். அதை நான் இங்கே எங்கட தமிழில் எழுதுகிறேன்; என் காதில் விழுந்தது அப்படித்தான்.

ரேமி ஒருநாளும் ஏசியதில்லை. ஒவ்வொரு பாட்டும் ஏ, பி, சி என்று எழுத்துகளால் பகுதி பிரிக்கப்பட்டிருக்கும். எங்கேயாவது பிழைத்தால் எழுத்தை மட்டும் சொல்வார். "டி" என்றால் எல்லோரும் டியிலிருந்து திரும்ப வாசிப்பார்கள். யார் பிழை விட்டது என்று கேட்க மாட்டார். ஏனென்றால் அந்தக் குழுவில் ஒரு வழக்கம் இருந்தது. பிழை விட்டவர் தானாகக் கையை உயர்த்த வேண்டும். இரண்டு விரல் அளவு தூக்கினால் போதும். சாக்ஸபோன்காரருக்கு இரண்டு கையும் வேண்டும் என்பதால் அவர்கள் அந்த வரி முடிந்ததும் தூக்குவார்கள். கை உயர்ந்தால் ரேமி தலையசைப்பார், பாட்டு நிற்காது.

முதல் நாளே எனக்கு அதை விளக்கினார். "கை தூக்கினா அந்தப் பிழை முடிஞ்சுது, மதாம் பிலோ. பேந்து அதைப் பற்றி ஆரும் கதைக்கக் கூடாது, கோப்பி குடிக்கேக்கையும் கதைக்கக் கூடாது. தூக்காட்டி நான் தேடவேணும். எனக்குத் தேடுற வேலை பிடிக்காது."

"நான் வாசிக்கிறேல்லையே, மிசியே."

"தாளில பிழை எண்டா அது உங்கட பிழை. உங்கட கையும் எழும்பவேணும்."

ஆகவே சுவரோரம் எனக்கும் ஒரு கதிரை. மடியில் ஸ்கோர், கையில் பென்சில். முதல் வருடம் என் கை கீழே இருந்த நேரம் குறைவு. தேகப்பயிற்சி வகுப்புக்குப் போய் வந்தது போல் தோள் வலிக்கும். ஆனால் ஒருவரும் ஒரு சொல் சொன்னதில்லை. டோர்வலில் ஒரு கரண்டி தவறினாலும் மூன்று பேர் கத்துகிற இடத்திலிருந்து வந்தவளுக்கு அது பெரிய ஆச்சரியம்.

மூன்றாம் வருடம் ரேமி என்னைக் கூப்பிட்டு, குழு ஒரு நிரந்தர ஆளை எடுக்கப்போகிறது என்றார். எழுதுவது, தாள்களைப் பாதுகாப்பது, வாத்தியக்காரரை ஒழுங்கு பண்ணுவது எல்லாம் அந்த ஒருவருக்கு. அடெல் எழுதிய புதுப் பாட்டு வரப்போகிறது. அதன் தாள்கள் சுத்தமாக அமைந்தால் அந்த இடம் எனக்கு. டோர்வலின் குளிர் அறையில் நின்று நின்று என் முழங்கால் இரண்டும் வீங்கியிருந்த நேரம் அது. அந்த இடம் எனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்று விளக்கத் தேவையில்லை.

அடெல் அறுபது கடந்த இசையமைப்பாளர். மெலிந்த உருவம். ஆற்றோரம் இரண்டு மணித்தியாலம் தள்ளி ஒரு சிற்றூரில் தனியாக இருந்தார். அவருடைய பாட்டுகளை எல்லோரும் மதித்தார்கள். யாரும் எழும்பி நின்று கை தட்டியதில்லை. 'உறைந்த ஆறு' நிதானமாக நகர்கிற பாட்டு. கடைசியில் எச் என்ற பகுதியில் குழு முழுவதும் சேர்ந்து ஒரு சுரக்கூட்டை நீளமாகப் பிடித்து முடிக்கும். அப்படிப் பல சுரங்கள் ஒன்றாக ஒலிப்பதைப் பிரெஞ்சில் அக்கோர் என்பார்கள்.

அதன் பாரிட்டோன் தாளை நான் டோர்வலில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், கவிழ்த்து வைத்த தட்டுப்பெட்டி ஒன்றின்மேல் வைத்து எழுதினேன். நான் முதலில் சுரங்களை எழுதிவிட்டு, திரும்ப வந்து அவற்றின் குறிகளைப் போடுவேன். ஃப்ளாட் என்ற குறி ஒரு சுரத்தை அரைப்படி இறக்கும். எல்லாக் குறிகளையும் போட்டுக்கொண்டு கடைசிச் சுரத்துக்கு வரும்போது மேற்பார்வையாளர் வந்தார். ஒரு விமானத்துக்குச் சைவச் சாப்பாடு பத்துக் கூட வேண்டுமாம். பேனையை மூடி வைத்துவிட்டுப் போனேன். வந்து அடுத்த தாளை எடுத்தேன். வீட்டில் எல்லாவற்றையும் ஒருமுறை சரிபார்த்தேன்தான். தான் எழுதியதைத் தானே பார்க்கிறபோது, இருக்க வேண்டியதுதான் கண்ணுக்குத் தெரியும்.

முதல் ஒத்திகை நாள் பனிப்புயல். அடெலால் வர முடியவில்லை. எச் வந்தது. கடைசி அக்கோர் ஒலித்த அந்தக் கணமே தெரிந்துவிட்டது. ஸ்கோரில் பாரிட்டோனுக்கு ஃப்ளாட் இருக்கிறது, ஒலித்ததில் இல்லை. அடியிலிருந்து அரைப்படி உயர்ந்து ஒரு சுரம் மற்ற எல்லாவற்றோடும் உரசிக்கொண்டு நின்றது. அறைக்குள் யாரோ கதவைத் திறந்து குளிரை விட்டது போலிருந்தது. மடியிலிருந்து என் கை எழும்பியது.

ரேமி கடைசிப் பக்கத்தை ஒருநாளும் பார்ப்பதில்லை, கண்ணை மூடிக்கொள்வார். அன்றைக்கு வழக்கத்தைவிட நெடுநேரம் கைகளைத் தாழ்த்தாமல் அந்த அக்கோரைப் பிடித்து வைத்திருந்தார். பிறகு கண்ணைத் திறந்தார்.

"அடெலுக்கு இந்த வயசில இந்தத் துணிவு எங்கயிருந்து வந்தது?"

வாத்தியக்காரர்கள் கைதட்டுவதில்லை. கையில் வாத்தியம் இருப்பதால் காலால் தரையைத் தட்டுவார்கள். குழு முழுவதும் தட்டியது. என் கை பென்சிலைப் பிடித்தபடியே மடிக்குத் திரும்பிவிட்டது.

கோப்பி நேரத்தில் ரேமி என் பக்கம் வந்தார். "இண்டைக்கு ஒருக்காலும் உங்கட கை எழும்பேல்லை, மதாம் பிலோ. ஏப்ரிலுக்குப் பிறகு டோர்வலுக்குப் போகாதேங்கோ."

"மெர்சி, மிசியே" என்று நன்றி சொன்னேன்.

வீட்டுக்கு வந்து என் கணவர் அமலதாசிடம் மட்டும் சொன்னேன். அவர் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார்.

"பிழை எண்டு ஆருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும். அடெல் கேட்டா அவவுக்கும் தெரியும்."

"அவ கேட்டுட்டுப் பேசாம இருந்தா?"

"இருக்க மாட்டா."

"இருந்தா அது பிழையில்லை. நீர் பேசாம இரும். முழங்காலைப் பாரும் முதல்."

முழங்காலைப் பார்த்தேன். பேசாமல் இருந்தேன்.

கச்சேரிக்கு அடெல் வந்தார். மூன்றாவது வரிசை. கடைசி அக்கோர் முடிந்ததும் மண்டபமே எழும்பி நின்றது. பிறகு அவர் மேடைக்குப் பின்னால் வந்து என் கையை இரண்டு கையாலும் பிடித்து, முகத்தைப் பார்த்து, "வடிவான எழுத்து, மதாம்" என்றார். அவ்வளவுதான். அதைப் பாராட்டு என்று எடுப்பதா, குத்தல் என்று எடுப்பதா என்று ஒன்பது வருடம் யோசித்திருக்கிறேன்.

அந்த ஒன்பது வருடத்தில் 'உறைந்த ஆறு' பதிவாகி வெளிவந்தது. பத்திரிகைகளில் அந்த முடிவைப் பற்றி எழுதினார்கள். மாணவர்கள் வந்து அந்த அக்கோரைப் பியானோவில் தேடிப் பார்த்தார்கள். குழுவின் அடையாளமே அதுதான் என்றாகிவிட்டது. அடெல் மட்டும் எங்களுக்கு அதற்குப் பிறகு ஒன்றும் எழுதித் தரவில்லை. ரேமி கேட்டபோதெல்லாம் சுகமில்லை என்றார். எனக்கு அது உறுத்திக்கொண்டேயிருந்தது. ஒத்திகையில் எச் வரும்போது கோப்புப்பெட்டியில் எனக்கு ஏதாவது அவசர வேலை வந்துவிடும், எழும்பிப் போய்விடுவேன்.

அப்போதுதான் பழைய பாரிட்டோன்காரர் ஓய்வு பெற்றார். அந்தக் கதிரைக்கு இரண்டு பேர் தெரிவானார்கள். ஒவ்வொருவருக்கும் வாசித்துக் காட்ட ஒரு மாதம் தவணை. முதலில் வந்தவள் சுகன்யா. டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் வளர்ந்த பிள்ளை. முருகன் கோயிலில் நடன வகுப்புக்குக் கொண்டுபோய் விட்ட மகள், பள்ளிக்கூடத்திலிருந்து தன் இடுப்பளவு வாத்தியம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாளாம். தாய் இன்னும் அந்த அதிர்ச்சியிலிருந்து மீளவில்லை என்று சுகன்யா சொல்வாள். மற்ற எல்லோருக்கும் நான் மதாம் பிலோ. அவள் முதல் நாளே அன்ரி என்றாள்.

"அன்ரி, ஸ்கோர் எல்லாத்தையும் ஒருக்காத் தருவீங்களோ? மற்றாக்கள் என்ன வாசிக்கினம் எண்டு பாத்துத்தான் நான் படிக்கிறனான்."

வாத்தியக்காரர் வழக்கமாக ஸ்கோர் கேட்பதில்லை. மறுக்க எனக்குக் காரணம் கிடைக்கவில்லை. கொடுத்தேன், 'உறைந்த ஆறு' உட்பட.

அடுத்த செவ்வாய்க்கிழமை எச் வந்தபோது நான் கோப்புப்பெட்டியடியில் குனிந்திருந்தேன். கடைசி அக்கோர் ஒலித்தது. நிமிர்ந்தேன். அவள் ஃப்ளாட்டை வாசித்திருந்தாள். அடெல் எழுதிய அக்கோரை அன்றைக்குத்தான் நானும் முதன்முதலாகக் கேட்டேன்.

ரேமி கண்ணைத் திறந்தார். "எச்."

திரும்ப வாசித்தார்கள். திரும்பவும் ஃப்ளாட். எந்தக் கையும் எழும்பவில்லை. "எச்." மூன்றாம் முறையும் அதே. மூன்று முறைக்கு மேல் ஓர் இடத்தை ரேமி வாசிக்க வைத்து அதுவரை நான் கண்டதில்லை. அவர் பியானோவுக்குப் போய்க் கடிகாரத்தை எடுத்துக் கையில் கட்டினார். நேரம் பதினொன்றுதான் ஆகியிருந்தது. எல்லோரும் அதைப் பார்த்தார்கள். "கோப்பி" என்றார்.

நேரே என்னிடம் வந்தார். "கெட்டிக்காரப் பிள்ளை. ஆனா கை தூக்கத் தெரியாது. கை தூக்காத ஆளை வச்சுக்கொண்டு நான் பதினேழு பேரை நடத்தேலாது. அடுத்த கிழமைக்கு மற்றவரைக் கூப்பிடுங்கோ."

கூப்பிட வேண்டியவள் நான். அது என் வேலை.

அவர் விலகியதும் சுகன்யா வந்தாள். முகம் வெளிறியிருந்தது.

"அன்ரி, ஸ்கோரில ஃப்ளாட் கிடக்கு. என்ர தாளில விடுபட்டுப் போயிருக்கு. நான் சரியாத்தானே வாசிக்கிறன். பேந்து என்னத்துக்குக் கை தூக்கவேணும்?"

"ரேமியிட்டைச் சொன்னியோ?"

"இல்லை. நான் சொன்னா உங்களைக் காட்டிக் குடுத்த மாதிரிப் போயிடும். நீங்களே சொல்லுவீங்கள் எண்டு பாத்துக்கொண்டிருக்கிறன்."

எனக்கு அந்த இடத்தில் நிற்க முடியவில்லை. என் பிழையைச் சுமந்துகொண்டு அந்தக் கதிரையை இழக்க அவள் தயாராக இருந்தாள். நானோ மற்றவருடைய ரெலிபோன் இலக்கம் எந்தக் கொப்பியில் இருக்கிறது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். இதை எழுத இன்றைக்கும் வெட்கமாயிருக்கிறது.

கோப்பி முடிந்து எல்லோரும் உட்கார்ந்தார்கள். ரேமி கடிகாரத்தைக் கழற்றவில்லை. "எச்" என்றார். சுகன்யா நாடியை நிமிர்த்திக்கொண்டு ஃப்ளாட்டையே வாசித்தாள்.

நான் கையை உயர்த்தினேன்.

ரேமி அவளைப் பார்த்துக்கொண்டிருந்ததால் முதலில் காணவில்லை. பின்வரிசை ட்ரம்பெட்காரர்கள் கண்டார்கள். ஒருவர் பின் ஒருவராக நிறுத்தினார்கள். இரண்டு விரல் அளவு போதும் என்ற வழக்கம் எனக்கு மறந்துபோய்விட்டது. கை முழுவதும் மேலே இருந்தது.

"எத்தினையாம் கட்டம்?" என்றார் ரேமி.

"கடைசி. பாரிட்டோன். ஃப்ளாட் விடுபட்டுப் போச்சு."

"இண்டைக்கோ?"

"இல்லை, மிசியே. முதல் நாளிலயிருந்து."

வழக்கப்படி அதற்குமேல் யாரும் கேட்கக் கூடாது. ரேமி வாயைத் திறந்து, வழக்கம் நினைவுக்கு வந்து, மூடினார். அவர் தலையசைத்தார். பிறகு சுகன்யாவைப் பார்த்து, "செவ்வாய்க்கிழமை" என்றார். கடிகாரத்தைக் கழற்றிப் பியானோவின்மேல் வைத்துவிட்டு, "மதாம் பிலோ, அடெலோட கதையுங்கோ. எந்தச் சுரம் எண்டு அவதான் சொல்லவேணும்" என்றார்.

மத்தியானம் அடெலை அழைத்தேன். நடந்ததைச் சொன்னேன். மறுமுனையில் கேத்திலில் தண்ணீர் கொதிக்கும் சத்தம் கேட்டது; அதை அணைத்துவிட்டு வந்தார்.

"தெரியும், மதாம். நான் மூண்டாம் வரிசையில இருந்தனான்."

"ஏன் சொல்லேல்லை?"

"எல்லாரும் எழும்பி நிண்டு கை தட்டினவை. கதிரையில இருந்தபடி தட்டியிருந்தா அண்டைக்கே சொல்லியிருப்பன். அதுக்குப் பிறகு எழுத இருந்தா அந்த அக்கோர்தான் முன்னால வந்து நிக்குது. அது என்ர இல்லை. என்ரயைவிட நல்லதோ எண்டும் தெரியாது. நான் எழுதினதை நான் ஒருக்காலும் கேக்கேல்லையே."

"மன்னியுங்கோ" என்றேன்.

"கை தூக்கிப் போட்டீங்கள்தானே. அடுத்த செவ்வாய் வாறன். என்ரயை ஒருக்காக் கேக்கவேணும்."

வந்தார். என் கதிரைக்குப் பக்கத்தில் இன்னொரு கதிரை போட்டேன். ஒத்திகை தொடங்குமுன் சுகன்யாவின் தாளில், ஒன்பது வருடம் பிந்தி, அந்த ஃப்ளாட்டைப் பென்சிலால் போட்டேன். ரேமி பாட்டை முதலிலிருந்து எடுத்தார். அடெல் என் மடியில் இருந்த ஸ்கோரைத் தானும் பார்த்துக்கொண்டிருந்தார். தன் கையெழுத்தைப் பார்ப்பவர் போலில்லை, யாரோ எழுதியதைப் பார்ப்பவர் போல. எச் வந்தது. கடைசி அக்கோரில் எல்லாச் சுரங்களும் ஒன்றோடு ஒன்று பொருந்தி, குறையில்லாமல், ஒழுங்காக ஒலித்து அடங்கின.

ரேமி கைகளைத் தாழ்த்தினார். ஒரு காலும் தரையைத் தட்டவில்லை. யாரும் அடெலைப் பார்க்கவும் இல்லை. ஆளாளுக்குத் தங்கள் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் ஸ்கோரையே பார்த்தேன்.

பக்கத்தில் ஏதோ அசைந்தது. திரும்பினேன். அடெல் கையை உயர்த்தியிருந்தார். இரண்டு விரல் அளவு, சரியாக வழக்கப்படி.

ரேமி அவர் பக்கம் திரும்பினார். "எத்தினையாம் கட்டம்?"

"கடைசி" என்றார் அடெல். "பாரிட்டோன்."

ரேமி தலையசைத்தார். வழக்கப்படி அதற்குமேல் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அடெல் எழும்பிக் கதிரைகளுக்கு இடையால் நடந்து போய், சுகன்யாவிடம் பென்சிலை வாங்கி, நான் போட்ட ஃப்ளாட்டின் குறுக்கே ஒரு கோடு கீறினார். நீ கேட்ட அலங்கோலம் அதுதான், சுகன்யா. மையும் பென்சில் ஃப்ளாட்டும் என் கை, குறுக்குக் கோடு அவருடைய கை. திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மெர்சி" என்றார் ரேமி. "எச்."

வழக்கம்போல் கோப்புப்பெட்டிக்குப் போக என் கால் பரபரத்தது. அடெல் என் கையைப் பிடித்திருந்தார். ஒன்பது வருடத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான், ஃப்ளாட் இல்லாத அந்த அக்கோரைக் கதிரையில் இருந்தபடியே, முடியும்வரை கேட்டேன்.